அரசியின் கணவர் அரசரா? ஸ்காட்லாந்து மேரியின் மூன்று திருமணங்கள்

பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஓர் அரசன் மணம் முடித்தால் அவனுக்கு ஒரு மனைவியும், பெரும் சீதனமும், சில வேளைகளில் ஒரு மாகாணமும் கிடைத்தன. ஆட்சி அவன் கையை விட்டுப் போகவில்லை. பட்டத்துக்கு உரிய ஓர் அரசி மணம் முடித்தபோது நிலைமை வேறாக இருந்தது. மனைவி கணவனுக்கு அடங்கி நடக்க வேண்டும் என்று திருச்சபை போதித்தது. மனைவியின் உடைமைகள் கணவனின் ஆளுகைக்கு உட்பட்டவை என்று வழக்காறு சொன்னது. அப்படியானால் அவள் உடைமைகளில் ஒன்றாகிய நாடு யாருக்கு உரியது என்ற கேள்விக்கு எந்தச் சட்ட நூலிலும் தெளிவான விடை இருக்கவில்லை. ஸ்காட்லாந்து இதற்கென்று ஓர் ஏற்பாட்டை வைத்திருந்தது. அரசியின் கணவருக்கு நாடாளுமன்றம் மனமுவந்து வழங்கக்கூடிய 'மணவழி முடியுரிமை' என்பது அது. அதைப் பெற்றவர் மனைவியோடு இணைந்து அரசராக ஆளலாம்; பெறாதவர் பெயரளவில் என்ன பட்டம் சூடினாலும் அரசியின் கணவர் மட்டுமே.

மேரி ஸ்டூவர்ட்டின் வாழ்க்கையை நாடகங்களும் இசைநாடகங்களும் திரைப்படங்களும் ஒரு பேரழகியின் காதல் சோகமாகவே சொல்லி வந்திருக்கின்றன. ஜெர்மானிய நாடக ஆசிரியர் ஷில்லர் 1800இல் அரங்கேற்றிய நாடகத்தில் மேரியும் இங்கிலாந்தின் எலிசபெத்தும் நேருக்கு நேர் நின்று சொற்போர் புரிகிறார்கள். உண்மையில் அந்த இருவரும் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. மேரியின் மூன்று திருமணங்களையும் அவற்றுக்கான ஒப்பந்தங்கள், அறிவிப்புகள், நாணயங்கள் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது, ஆசையைக் காட்டிலும் முடியுரிமை பற்றிய அந்த விடையில்லாக் கேள்வியே அவரைத் துரத்தியது என்பது புலப்படுகிறது.

1542 டிசம்பர் 8 அன்று லின்லித்கோ அரண்மனையில் மேரி பிறந்தார். சில நாள்களுக்கு முன்புதான் சால்வே மாஸ் என்ற இடத்தில் ஸ்காட்லாந்துப் படை ஆங்கிலேயரிடம் தோற்றிருந்தது; நோயுற்றுப் படுத்த தந்தை ஐந்தாம் ஜேம்ஸ் டிசம்பர் 14இல் இறந்தார். ஆறு நாள் குழந்தை நாட்டுக்கு அரசியானாள். குழந்தையின் பாட்டி மார்கரெட், இங்கிலாந்தின் ஏழாம் ஹென்றியின் மூத்த மகள்; ஆகவே அந்தத் தொட்டிலில் ஸ்காட்லாந்தின் முடியோடு இங்கிலாந்தின் முடிமீதான உரிமையும் சேர்ந்தே கிடந்தது. எட்டாம் ஹென்றி தம் மகன் எட்வர்டுக்கு அவளைப் பெண் கேட்டார். 1543 ஜூலையில் கிரீனிச்சில் ஒப்பந்தமும் ஆயிற்று. ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அதை நிராகரித்தது. உடனே சம்பந்தம் பேச வந்தவர்கள் படையோடு வந்தார்கள். எடின்பரோ தீக்கிரையானது, 1547இல் பிங்கி போர்க்களத்தில் ஆயிரக்கணக்கான ஸ்காட்டியர் மாண்டனர். ஆங்கிலேயரை விரட்டப் பிரான்சின் துணை தேவைப்பட்டது. துணைக்கு விலையாகப் பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஹென்றி தம் மூத்த மகன் பிரான்சிசுக்கு மேரியைக் கேட்டார். ஐந்து வயதுச் சிறுமி 1548 ஆகஸ்டில், தன் வயதொத்த, தன் பெயரே கொண்ட நான்கு தோழிப் பெண்களோடு பிரான்சுக்குக் கப்பலேறினாள்.

பிரெஞ்சு அரசவையில் அவர் வளர்ந்த பத்தாண்டுகளே வாழ்நாளில் அவர் கண்ட நிம்மதியான காலம். பிரெஞ்சு அவர் மனத்தின் மொழியாயிற்று. 1558 ஏப்ரல் 24இல் பாரிசின் நாத்ருதாம் பேராலயத்தில், பதினைந்து வயது மேரிக்கும் பதினான்கு வயதுப் பிரான்சிசுக்கும் திருமணம் நடந்தது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த தூதுக்குழு நாட்டின் சட்டங்களும் சுதந்திரமும் காக்கப்படும் என்ற உறுதிமொழியோடு கூடிய ஒப்பந்தத்தில் மகிழ்ச்சியாகக் கையெழுத்திட்டது. திருமணத்துக்கு இருபது நாள் முன்னதாக, தூதுவர்களுக்குத் தெரியாமல், மேரி வேறு சில ஆவணங்களில் கையெழுத்திட்டிருந்தார்: பிள்ளையில்லாமல் தாம் இறந்தால் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தின் மீதான தம் உரிமையும் பிரெஞ்சு முடிக்கே சேரும் என்பது அவற்றின் சாரம். பெரியவர்கள் நீட்டிய தாளில் ஒப்பமிட்ட சிறுமி என்று அவருக்காகப் பரிந்து பேசலாம். ஆனால் முதல் திருமணமே நாட்டை எழுதிக்கொடுக்கும் பத்திரமாக அமைந்தது என்பதை மறைக்க முடியாது. அதே ஆண்டு நவம்பரில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் பிரான்சிசுக்கு மணவழி முடியுரிமையை வழங்கியது.

அந்த நவம்பரில்தான் இங்கிலாந்தில் எலிசபெத் அரியணை ஏறினார். எலிசபெத்தின் தாய் ஆன் போலினுடன் எட்டாம் ஹென்றி செய்த திருமணத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கவில்லை. கத்தோலிக்கர் பார்வையில் உண்மையான வாரிசு மேரியே. பிரெஞ்சு மாமனார் மருமகளின் சின்னங்களில் இங்கிலாந்தின் சின்னத்தையும் பொறிக்கச் செய்தார். வெள்ளித் தட்டுகளிலும் திரைச்சீலைகளிலும் பொறிக்கப்பட்ட அந்தச் சின்னத்தை எலிசபெத் கடைசிவரை மறக்கவில்லை. 1559 ஜூலையில் ஈட்டிச் சண்டை விளையாட்டில் கண்ணில் காயம்பட்டு இரண்டாம் ஹென்றி இறக்க, பிரான்சிஸ் அரசரானார்; காதில் ஏற்பட்ட தொற்று முற்றி 1560 டிசம்பர் 5இல் அவரும் இறந்தார். மூன்று நாள் கழித்து மேரிக்குப் பதினெட்டு வயது நிறைந்தது. தாய் மேரி தெ கீஸும் அந்த ஆண்டின் ஜூனில் இறந்துவிட்டிருந்தார்.

1561 ஆகஸ்ட் 19 அன்று லீத் துறைமுகத்தில் மேரி வந்திறங்கியபோது நாடு மாறியிருந்தது. ஓராண்டுக்கு முன் கூடிய நாடாளுமன்றம் போப்பின் அதிகாரத்தை ஒழித்து, திருப்பலி வழிபாட்டைத் தடைசெய்து, புராட்டஸ்டன்ட் சமயத்தை நிலைநாட்டியிருந்தது. பெண்ணாட்சி இயற்கைக்கும் இறைவனுக்கும் எதிரானது என்று 1558இலேயே நூல் எழுதிய ஜான் நாக்ஸ், எடின்பரோவின் தலைமைப் போதகராக இருந்தார். இந்தச் சூழலில் இளம் அரசி நடந்துகொண்ட விதம் அவரைப் பற்றிய பொதுவான கருத்துக்கு மாறானது: தமக்கு மட்டும் அரண்மனைத் தேவாலயத்தில் கத்தோலிக்க வழிபாட்டை வைத்துக்கொண்டு, நாட்டில் தாம் கண்ட சமய நிலையை மாற்றாமல் விட்டார், புராட்டஸ்டன்டான தம் சகோதரர், தந்தைக்கு மணவாழ்வுக்குப் புறம்பே பிறந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை, பின்னாளில் மோரே பிரபுவானவரை, முதன்மை ஆலோசகராக வைத்துக்கொண்டார். நான்காண்டுகள் ஆட்சி ஓரளவு சீராகவே நடந்தது. அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: தம்மை வாரிசு என்று எலிசபெத் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். எலிசபெத் அறிவிக்கவில்லை, அதற்குப் பதிலாக, தம் அன்புக்குரியவர் என்று ஊரறிந்த ராபர்ட் டட்லியை மணந்துகொள்ளுமாறு 1564இல் மேரிக்கு யோசனை சொன்னார். அது உதவியா அவமதிப்பா என்று அன்றைய தூதுவர்களே குழம்பினார்கள்.

டட்லிக்குப் பதிலாக மேரி தேர்ந்தெடுத்தவர் டார்ன்லி பிரபு ஹென்றி ஸ்டூவர்ட். நெடிய உருவம், இனிய தோற்றம், யாழ் மீட்டும் திறமை ஆகியவற்றில் அரசி மயங்கினார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், மயங்கியிருக்கலாம். ஆனால் கணக்கும் சரியாகவே இருந்தது. டார்ன்லியின் தாய், அதே மார்கரெட்டுக்கு இரண்டாம் கணவர் வழியில் பிறந்த மகள். ஆகவே மேரியும் டார்ன்லியும் ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள். அயல்நாட்டில் பிறந்தவர் இங்கிலாந்தில் எதற்கும் வாரிசாக முடியாது என்று மேரிக்கு எதிராகச் சட்டவாதம் ஒன்று எழுப்பப்பட்டு வந்தது. டார்ன்லியோ இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பிறந்தவர். இருவர் உரிமையும் ஒரு பிள்ளையில் சேர்ந்தால் அந்த வாதம் வலுவிழக்கும். எலிசபெத் அந்தத் திருமணத்தைக் கடுமையாக எதிர்த்ததற்குக் காரணமும் அதுவே.

1565 ஜூலை 29 விடியற்காலையில் ஹோலிரூட் அரண்மனைத் தேவாலயத்துக்கு மேரி முதல் கணவருக்காகப் பூண்ட கருநிறத் துக்க உடையிலேயே வந்தார். திருமணம் முடிந்த பிறகே அதைக் களைந்தார். முந்தைய நாள் இரவே டார்ன்லியை 'அரசர்' என்று பறைசாற்றச் செய்திருந்தார். நாடாளுமன்றத்தைக் கேட்காமல் செய்த இந்த அறிவிப்பு ஒரு வெற்றுப் பட்டத்தை மட்டுமே தந்தது. மணவழி முடியுரிமை வேறு, அது வரவில்லை. மோரே கிளர்ந்தெழுந்தார், அரசி தாமே குதிரையேறிப் படைநடத்தி அவரை எல்லைக்கு அப்பால் துரத்தினார்.

கணவன் மனைவிக்குள் என்ன நடந்தது என்பதை அந்த ஆண்டின் வெள்ளி நாணயங்களே சொல்கின்றன. திருமணத்தை ஒட்டி வெளியான நாணயத்தில் இருவர் முகங்களும் ஒன்றையொன்று நோக்கியிருக்க, சுற்றெழுத்தில் ஹென்றியின் பெயர் முதலிலும் மேரியின் பெயர் அடுத்தும் இருந்தன. சில மாதங்களில் அது திரும்பப் பெறப்பட்டது. இன்று மிக அரிதாகவே கிடைக்கிறது. அதற்குப் பதிலாக வந்த 30 ஷில்லிங் நாணயத்தில் முகங்களே இல்லை. முடி சூடிய ஒரு பனை, அதன் அடிமரத்தில் ஏற முயலும் ஓர் ஆமை. சுற்றெழுத்தில் முதலில் மேரி, பிறகு ஹென்றி. ஆமை யார் என்று சந்தையில் எவரும் விளக்கம் கேட்டிருக்க வேண்டியதில்லை. குடிப்பழக்கம், திமிர், பொறுப்பின்மை என்று டார்ன்லியின் குணக்கேடுகள் நாளுக்கு நாள் வெளிப்பட, முடியுரிமையை நாடாளுமன்றத்தில் கேட்டுப்பெற மேரி எந்த முயற்சியும் எடுக்கவில்லை.

அரசி தராததைப் பிரபுக்கள் தருவதாகச் சொன்னார்கள். நாடுகடந்து கிடந்த மோரேயின் கூட்டத்தார் டார்ன்லியோடு எழுத்துமூலம் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர்: அவர் தங்களுக்கு மன்னிப்பு வாங்கித்தர வேண்டும், தாங்கள் அவருக்கு மணவழி முடியுரிமை வாங்கித்தருவார்கள். பலியாள், அரசியின் பிரெஞ்சுக் கடிதங்களைக் கவனித்துவந்த செயலர், இத்தாலிய இசைக்கலைஞர் டேவிட் ரிட்சியோ. 1566 மார்ச் 9 இரவு, ஹோலிரூட்டின் வடமேற்குக் கோபுரத்தில், படுக்கையறையை ஒட்டிய சிறு அறையில், ஆறு மாதக் கர்ப்பிணியான மேரி சிலரோடு உணவருந்திக்கொண்டிருந்தார். கீழ்த்தளத்துத் தம் அறையிலிருந்து மேலேறும் மறைபடிக்கட்டு வழியாக டார்ன்லி முதலில் வந்தார். அவருக்குப் பின்னால் நோய்ப்படுக்கையிலிருந்து எழுந்து கவசம் அணிந்த ரத்வென் பிரபு வந்தார். மேசை கவிழ்ந்தது, ஆர்கைல் பிரபுவின் மனைவி விழுந்த மெழுகுவத்தி ஒன்றைச் சட்டென்று பிடித்துக்கொண்டதால் அறை இருளாமல் தப்பியது. அரசியின் ஆடையைப் பற்றிக்கொண்டு கதறிய ரிட்சியோவை இழுத்துச் சென்று, ஐம்பதுக்கும் மேற்பட்ட முறை குத்திக் கொன்றனர். கொலைக்கு அவரும் உடந்தை என்பதற்கு அடையாளமாக டார்ன்லியின் குத்துவாள் உடலிலேயே விடப்பட்டிருந்தது.

மேரியின் துணிவை அறிய விரும்புபவர் அடுத்த இரண்டு நாள்களைப் பார்க்க வேண்டும். கொலைகாரர்களின் காவலில் இருந்தபடியே, அவர்கள் உன்னையும் தீர்த்துவிடுவார்கள் என்று கணவரிடம் எடுத்துச்சொல்லி அவரைத் தம் பக்கம் திருப்பி, நள்ளிரவில் பணியாளர் வழியாக வெளியேறி, கர்ப்பிணி நிலையில் குதிரையிலேயே டன்பார் கோட்டை சேர்ந்து, படை திரட்டி எடின்பரோவுக்குத் திரும்பினார். ஜூன் 19 அன்று மகன் ஜேம்ஸ் பிறந்தான்.

வாரிசு பிறந்தபின் டார்ன்லி வேண்டாதவரானார். ஆனால் அவரை விலக்குவது எளிதாக இல்லை. திருமணம் செல்லாது என்று தீர்ப்புப் பெற்றால் குழந்தையின் பிறப்புரிமை கேள்விக்குள்ளாகும். கிரெய்க்மில்லர் கோட்டையில் பிரபுக்கள் நவம்பரில் இதைப் பேசியபோது, தம் மானத்துக்கும் மனசாட்சிக்கும் இழுக்கு வரும் எதையும் செய்ய வேண்டாம் என்று மேரி கூறியதாகத் தெரிகிறது. எதைச் செய்வார்கள் என்று அவர் ஊகித்தாரா என்பதுதான் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடரும் வழக்கு. 1567 பிப்ரவரி 10 அதிகாலை இரண்டு மணியளவில், நோயிலிருந்து தேறிவந்த டார்ன்லி தங்கியிருந்த கர்க் ஓ ஃபீல்ட் வீடு வெடிமருந்தால் தகர்க்கப்பட்டது. முன்னிரவில் அவரைப் பார்த்துவிட்டு, தம் பணியாளர் ஒருவரின் திருமண விருந்துக்காக மேரி ஹோலிரூட்டுக்குத் திரும்பியிருந்தார்.

இங்கிலாந்தின் அமைச்சர் சிசிலுக்கு அனுப்பப்பட்ட ஒரு வரைபடம் இன்றும் லண்டனின் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. இடிபாட்டுக் குவியல் ஒருபுறம்; நகர மதிலுக்கு வெளியே தோட்டத்து மரத்தடியில் இரவு உடையோடு டார்ன்லியும் அவர் பணியாளும்; அருகில் ஒரு நாற்காலி, ஒரு மேலங்கி, ஒரு குத்துவாள்; மேல்மூலையில் படுக்கையில் அமர்ந்து கைகூப்பி நீதி கேட்கும் குழந்தை ஜேம்ஸ். உடல்களில் தீக்காயமோ வெடிப்பின் சுவடோ இல்லை. வெடிப்புக்கு முன்பே வீட்டிலிருந்து தப்பி இறங்கியவர்களைத் தோட்டத்தில் மூச்சுத்திணறடித்துக் கொன்றிருக்க வேண்டும் என்பதே பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் முடிவு. உயிரோடிருந்தபோது டார்ன்லிக்குக் கிடைக்காதது கல்லில் கிடைத்தது: வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அவருடைய தாயின் கல்லறைப் பக்கத்தில் மண்டியிட்ட மகன்களில் ஒருவராக அவர் செதுக்கப்பட்டிருக்கிறார், அவர் தலைக்கு மேல் ஒரு முடி வைக்கப்பட்டது.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. எடின்பரோவின் சுவர்களில் ஒட்டப்பட்ட தாள்கள் பாத்வெல் பிரபு ஜேம்ஸ் ஹெப்பர்னைக் கொலைகாரன் என்று அறிவித்தன. ஏப்ரல் 12இல் நடந்த விசாரணை நாளில் பாத்வெல்லின் ஆட்கள் நகரை நிறைத்திருக்க, குற்றம்சாட்டிய டார்ன்லியின் தந்தை அஞ்சி வரவில்லை, பாத்வெல் விடுவிக்கப்பட்டார். ஒரு வாரம் கழித்து, அவரையே அரசி மணந்துகொள்ள வேண்டும் என்று பிரபுக்களும் ஆயர்களும் பலர் கையெழுத்திட்டுக் கொடுத்தனர். ஏப்ரல் 24இல் மகனைப் பார்த்துத் திரும்பிய மேரியை அவர் நூற்றுக்கணக்கான குதிரைவீரர்களோடு வழிமறித்து டன்பாருக்குக் கொண்டுசென்றார். அங்கே மேரி பலவந்தப்படுத்தப்பட்டார் என்று ஒரு தரப்பும், எல்லாம் முன்கூட்டிப் பேசிய நாடகம் என்று மறுதரப்பும் அன்றே சொல்லின. பாத்வெல் தம் மனைவியை அவசரமாக மணவிலக்குச் செய்துவிட்டு, மே 15இல் புராட்டஸ்டன்ட் முறைப்படி மேரியை மணந்தார். கத்தோலிக்க அரசி அந்தச் சடங்குக்கு இசைந்ததே அவர் எந்த நிலையில் இருந்தார் என்பதைக் காட்டும். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பாத்வெல்லுக்கு அவர் ஆர்க்னி கோமகன் என்ற பட்டத்தைத்தான் கொடுத்தார். அரசர் என்ற சொல்லை டார்ன்லிக்குக் கொடுத்துக் கற்ற பாடம் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

மணந்துகொள்ளச் சொல்லிக் கையெழுத்திட்டவர்களில் சிலரே அந்தத் திருமணத்தைக் காரணம் காட்டிப் படையெடுத்தார்கள். ஜூன் 15இல் கார்பெரி குன்றில் பெரும் சண்டையின்றியே மேரி சரணடைந்தார். பாத்வெல் தப்பி நார்வே வழியாக டென்மார்க்கை அடைந்து, சிறையில் 1578இல் இறந்தார். லாக்லெவன் ஏரித்தீவில் அடைக்கப்பட்ட மேரிக்கு இரட்டைக் கரு கலைந்தது. அந்தப் படுக்கையிலேயே ஜூலை 24இல் முடிதுறப்புப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கப்பட்டது. பதின்மூன்று மாதக் குழந்தை அரசனானான். மோரே அரசப் பிரதிநிதியானார். 1568 மே 2இல் தீவிலிருந்து தப்பிய மேரி, லாங்சைடு போரில் தோற்று, மே 16இல் ஒரு மீன்பிடிப் படகில் சால்வே கழிமுகத்தைக் கடந்து இங்கிலாந்தில் இறங்கினார். பிரான்சுக்குப் போயிருக்கலாம். எலிசபெத் தம்மை அரியணையில் அமர்த்துவார் என்று நம்பியதே அவர் வாழ்வின் மிகப்பெரிய தப்புக்கணக்கு.

எலிசபெத் விசாரணைக்குழு அமைத்தார். வெள்ளிப் பேழை ஒன்றிலிருந்து எடுத்ததாக மோரே தரப்பு எட்டுக் கடிதங்களையும் சில கவிதைகளையும் முன்வைத்து, மேரி பாத்வெல்லுக்கு எழுதியவை என்றது. மேரிக்கு அவற்றைப் பார்க்கக்கூட அனுமதி தரப்படவில்லை. மூலங்கள் பின்னர் காணாமற்போயின; எஞ்சியவை படிகளும் மொழிபெயர்ப்புகளும் மட்டுமே. 1569 ஜனவரியில் எந்தத் தரப்பின் குற்றச்சாட்டும் மெய்ப்பிக்கப்படவில்லை என்று விசாரணை முடிந்தது. மோரே ஸ்காட்லாந்துக்குத் திரும்பினார், மேரி காவலிலேயே இருந்தார்.

பத்தொன்பது ஆண்டுகள் நெருங்கிய அந்தக் காவலிலும் திருமணப் பேச்சு ஓயவில்லை. இங்கிலாந்தின் முதல்நிலைக் கோமகனான நார்ஃபோக் அவரை மணக்கத் திட்டமிட்டார். மேரி தம் கையால் பூவேலை செய்து அவருக்கு ஒரு மெத்தையணை அனுப்பினார்: வானிலிருந்து நீளும் ஒரு கை, கொடியின் காய்க்காத கிளையைக் கத்தியால் கழிக்கிறது. பிள்ளையில்லாத எலிசபெத்தைத்தான் அது குறிக்கிறது என்பது எதிரிகளுக்குத் தெளிவாகவே புரிந்தது. 1572இல் நார்ஃபோக் தலையிழந்தார். ஊசியும் நூலும் போக மிஞ்சிய நேரத்தில் மேரி மறையெழுத்தில் கடிதங்கள் எழுதினார். பாரிசின் தேசிய நூலகத்தில் யாருடையவை என்று அறியப்படாமல் கிடந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட கடிதங்களை மூன்று ஆர்வலர்கள் கணினித் துணையோடு அவிழ்த்து, அவை 1578 முதல் 1584 வரை மேரி பெரும்பாலும் பிரெஞ்சுத் தூதுவருக்கு எழுதியவை என்று 2023இல் வெளியிட்டனர். விடுதலைக்கான பேரமும், உடல்நலக் குறைவும், மகனைப் பிரபுக்கள் கடத்தியது குறித்த கலக்கமும் அவற்றில் நிறைந்திருக்கின்றன.

அதே மறையெழுத்துதான் அவரை மாய்த்தது. அவர் காவலில் இருந்த சார்ட்லி மாளிகைக்கு வந்த பீர்ப் பீப்பாய்களில் ஒளித்துக் கடிதங்கள் போய்வர வழிசெய்தவர்களே எலிசபெத்தின் உளவுத்தலைவர் வால்சிங்கமின் ஆட்கள். எலிசபெத்தைக் கொல்லும் பாபிங்டன் என்பவரின் திட்டத்துக்கு இசைவளித்த மேரியின் கடிதம் 1586 ஜூலையில் அவர்கள் கையில் சிக்கியது. வேறொரு நாட்டின் முடிசூடிய அரசியை விசாரிக்க எந்த நீதிமன்றத்துக்கும் உரிமையில்லை என்ற மேரியின் வாதம் எடுபடவில்லை. 1587 பிப்ரவரி 8 அன்று, நாற்பத்து நான்கு வயதில், ஃபாதரிங்கே கோட்டை மண்டபத்தில் அவர் தலை வெட்டப்பட்டது. முதல் வெட்டுக் குறிதவறியது. ஆணையில் கையெழுத்திட்ட எலிசபெத், அதைத் தம் ஒப்புதலின்றி அனுப்பிவிட்டதாகச் சொல்லிச் செயலர் டேவிசனைச் சிறையிலிட்டார்.

தாயை நினைவறிந்து பார்த்திராத மகன் முறைப்படி கண்டனம் தெரிவித்துவிட்டு, எலிசபெத்தோடு முந்தைய ஆண்டு செய்த உடன்படிக்கையையும் உதவித்தொகையையும் இழக்காமல் பார்த்துக்கொண்டான். மணம் செய்யாமலே ஆண்ட எலிசபெத் 1603 மார்ச் 24இல் இறந்தார். அன்றே ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்சாக அறிவிக்கப்பட்டார். மார்கரெட்டின் வழித்தோன்றல்களை எட்டாம் ஹென்றியின் உயில் ஒதுக்கியிருந்தும், தாய்வழியிலும் தந்தைவழியிலும் அவருக்கிருந்த உரிமையை எதிர்த்து ஒரு வாள்கூட உயரவில்லை. டார்ன்லியைத் தேர்ந்தெடுத்தபோது மேரி போட்ட கணக்கு அதுவே. அன்றிலிருந்து இன்றைய மூன்றாம் சார்ல்ஸ் வரை அந்த நாட்டின் முடியைச் சூடிய ஒவ்வொருவரும் அந்த இரண்டாம் திருமணத்தின் வழிவந்தவர்கள்.